மழைக்காட்டில் தனிவழி: ஆறும் சாரலும் பெயர்களும்



மழைக்காலத்தில் மலைக்காட்டினூடே ஒருவர் தனியாக நடந்துசெல்வதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவிப்பில் கண்டபோது, மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இதில் என்ன தொழில் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். தொழில் உண்டு. முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, துணை எவருமின்றி, கேமரன் மலைக்கு ஏறும் இளைஞர்களை இன்று காண்கிறோம். அவர்களுள் நம் மாணவர்களும் உளர். புறப்படுமுன் அவர்கள் திரட்டும் பொருள்கள் பல: மழைச்சட்டை, தலைவிளக்கு, அட்டைக்கடிக்கு மருந்து, வழுக்காத காலணி, கைப்பேசிக்கு மின்சேமிப்பி. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் மலையில் தனியே நடப்பவரைக் காப்பவற்றுள் சொல்லும் ஒன்று. பின்னே இருப்பவரிடம் விட்டுச்செல்லும் சொல், முன்னே நடந்தவர் இடத்திற்கு இட்டுச்சென்ற பெயர், எதிரே வருபவர் தரும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் பையில் அடங்காத பொருள்கள். அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தீபகற்பத்தின் முதுகெலும்பு எனத்தக்க தித்திவங்சா மலைத்தொடரில் இருப்பது கேமரன் மலை. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931-இல் முடிவுற்றது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1929-இல், ஜே. ஏ. ரசல் என்பார் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரைச் சற்றே கடக்கிறது. தேயிலைச் சரிவுகளைத் தாண்டி அவ்வுச்சியை நெருங்கினால் பாசிக்காடு தொடங்கும். அங்கே மரத்தின் அடியிலிருந்து கிளை வரை பாசி போர்த்தியிருக்கும். எது நிலம், எது வேர், எது வேர்களுக்கிடையே மூடிக்கிடக்கும் பள்ளம் என்று கண்ணால் பிரித்தறிதல் அரிது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்யும் மலை அது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பெருமழை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொன்று.

அக்டோபர், நவம்பர் என்பன நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். பழந்தமிழர் அவ்விரு திங்களையும் கூதிர் என்றனர். குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். மலையும், குளிர்மழையும், நள்ளிரவும் ஒன்றுகூடும் இடத்தையே குறிஞ்சி என்று நம் முன்னோர் குறித்தனர். தமிழகத்து மலையும் மலாயாவின் மலையும் வெவ்வேறு. பருவக்காற்றும் முற்றும் ஒன்றன்று. ஆகவே இவ்வொற்றுமையைப் பெரிதுபடுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் நவம்பர் மாதத்துக் கேமரன் மலையில் நின்று குறிஞ்சிப் பாட்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு உரையாசிரியர் உதவி பெரும்பகுதி தேவைப்படாது. சாளரத்தைத் திறந்து காட்டினால் போதும்.

அக்குறிஞ்சிப் பாட்டுகளில் மழையில் மலைவழியே தனியாக வருபவன் யார்? தலைவன். இரவுக்குறிக்கு வருகின்றான். அருவி பெருகிய பிளவுகளும், புலியும் களிறும் திரியும் சரிவுகளும், மின்னல் ஒளியில் மட்டுமே புலப்படும் பாறைகளும் அவன் வழி. ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவ்வழியின் கொடுமையை அவன் பெரும்பாலும் தன் வாயால் சொல்வதில்லை. வீட்டில் உறங்காதிருக்கும் தலைவியும் தோழியுமே அதைச் சொல்கின்றனர். அகப்பொருள் இலக்கணத்தார் இதற்கு ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’ என்று ஒரு பெயரே இட்டனர். வழியை எண்ணி எழுந்த அச்சம் என்பது பொருள். நடப்பவன் ஒருவன், அஞ்சுபவர் வேறு ஒருவர் என்ற இந்தப் பிரிவினை நம் கவிதை மரபின் நுண்மைகளுள் ஒன்று. அவன் வரும் வழி எதுவென்று அவளுக்குத் தெரியும். வரவேண்டிய நேரமும் தெரியும். அதனாலேயே அவளால் அஞ்ச முடிகிறது. வழி அறியாதவர் வெறுமனே கலங்கலாம்; இன்ன இடத்தில் இன்ன ஏதம் என்று அஞ்ச இயலாது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று கேமரன் மலையிலேயே நடந்தது. 1967 மார்ச் 26, உயிர்த்த ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுத் தொழிலை உலகறியச் செய்த அமெரிக்கராகிய ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகே ‘மூன்லைட்’ என்னும் மலைமாளிகையில் நண்பர்களின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 61. பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுக்கச் சென்றிருந்த வேளையில் அவர் தனியே வெளியே நடந்தார். திரும்பவில்லை. வெண்சுருட்டும் மாத்திரைப் பெட்டியும் மாளிகையிலேயே கிடந்தன. ஆகவே நெடுந்தொலைவு செல்லும் எண்ணம் அவருக்கு இருந்திராது என்று கருதினர். காவலர், படைவீரர், காட்டின் ஒவ்வொரு மடிப்பும் அறிந்த பூர்வகுடியினர் எனப் பலநூறு பேர் பத்து நாட்களுக்கும் மேலாகத் தேடினர். ஒரு துணித்துண்டும் கிடைக்கவில்லை. 1974-இல் தாய்லாந்து நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. கடத்தப்பட்டார் என்பார் உண்டு. உளவுத்துறைத் தொடர்பைச் சுட்டுவார் உண்டு. வழிதவறிப் பள்ளத்தில் வீழ்ந்தார் என்பார் உண்டு. இவற்றுள் எது மெய் என்னும் ஆராய்ச்சியில் நமக்கு ஆர்வம் இல்லை. நம் கருத்தில் நிற்பது வேறொன்று. ‘இன்ன வழியே போகிறேன், இன்ன நேரத்தில் வருவேன்’ என்ற ஒரு வாக்கியம் அங்கே விட்டுச்செல்லப்படவில்லை. ஒருசில சொற்களே கொண்ட வாக்கியம்தான். அது இருந்திருந்தால் பலநூறு பேர் எல்லாத் திசையிலும் பரவித் தேடவேண்டிய காட்டின் பரப்பு மிகவும் சுருங்கியிருக்கும்.

வெப்பநாட்டில் வாழும் நமக்குக் குளிரைப் பற்றிய அச்சம் குறைவு. பனி பெய்யாத நாட்டில் குளிர் என்ன செய்யும் என்று எண்ணுகிறோம். கேமரன் மலையின் சராசரி வெப்பம் சுமார் 18 பாகை. இரவில் அது மேலும் தாழும். நனைந்த ஆடை, வீசும் காற்று, களைத்த உடல் ஆகிய மூன்றும் கூடிவிட்டால் உறைபனி இல்லாமலே உடல்வெப்பம் இறங்கத் தொடங்கும். அப்போது முதலில் தோன்றும் குறிகளுள் ஒன்று மொழியைச் சார்ந்தது: நாக்குக் குழறும், சொற்கள் இழுபடும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை வரும். உடன் வருபவர் இருந்தால் அக்குழறலைக் கேட்டவுடன் நிறுத்தி, உலர்ந்த ஆடை உடுத்தி, வெந்நீர் கொடுப்பார். தனியே செல்பவரின் குழறலைக் கேட்க எவருமில்லை. அவர் பேசவே போவதில்லை. தனிநடையின் ஏதங்களுள் நாம் மிகவும் அஞ்சுவது இதனையே.

அப்படியானால் பழந்தமிழ் நூல்கள் மலைவழிச் செலவைப் பற்றி வெறும் அச்சத்தை மட்டுமா சொல்லிவைத்தன? அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நம் நோக்கில், தமிழில் எழுந்த மிகச்சிறந்த மலைவழி கையேடு. 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பின்னரே இது மாணவர் கைக்கு எட்டியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தர், எதிரே வரும் கூத்தர்க்கு வழிசொல்வதாக அமைந்த பாட்டு. நன்னனின் புகழை மட்டும் பொறுக்கி எடுத்துக் கற்பிக்கும் வழக்கம் நம் வகுப்புகளில் உண்டு. அதனால் அந்நூலின் உயிர்ப்பகுதி தேர்வுக்கு வாராமலே போய்விடுகிறது.

அந்தக் கூத்தர் என்னென்ன சொல்கிறார் என்று பாருங்கள். தினைப்புனத்தை ஒட்டிப் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும். ஆகவே இருளில் நடவாமல் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார். பாம்பு உறையும் குழிகளைக் குறித்துக்கொண்டு கடக்கச் சொல்கிறார். யானையை விரட்டப் புனங்காவலர் கவணில் எறியும் கல் வரும். மரத்தின் பின் ஒதுங்குங்கள் என்கிறார். ஆழ்ந்த நீர்நிலையின் ஓரத்து வழி வழுக்கும். கொடிகளைப் பற்றிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக மெல்லச் செல்லுங்கள் என்கிறார். இரவானால் குகைகளில் தங்கலாம் என்று சொல்லும்போது, உங்கள் வீட்டில் இருப்பதுபோலவே இருங்கள் என்ற பரிவும் உடன்வருகிறது. காட்சிகளில் மயங்கி வழியில் நின்றுவிடாதீர்கள் என்னும் அறிவுரை, கைப்பேசியில் படமெடுக்கும் இக்காலத்தார்க்கே சொன்னது போல் இருக்கிறது! வழி தவறிவிட்டால்? இசைக்கருவிகளை இயக்குங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர். இன்று மலையேறுவோர்க்கு ஊதல் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்களே, அதன் பழைய வடிவம் இது.

இவற்றினும் மேலாக நம் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. வழிகள் பிரியும் கவலைகளில், தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமாக இட்டுச்செல்லுங்கள் என்கிறார். எதற்கு? பின்னே வரும் புதியவர்க்காக. அவர்கள் யார், எப்போது வருவர் என்பது முடிந்தவர்க்குத் தெரியாது. தாமே அந்த நாட்டிற்குப் புதியவர்; ஆயினும் தமக்குப் பின் வருபவர்க்கு முடிச்சிட்டு வைக்கக் கடமைப்பட்டவர். ‘கவலை’ என்ற சொல் வழிகள் பிரியும் இடத்தையும் மனவருத்தத்தையும் ஒருங்கே குறிப்பதை இங்கே மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். எவ்வழியே போவது என்று தெரியாமல் நிற்பவர்க்கு அவ்விரண்டும் வேறல்ல.

சொல்லுக்கு வந்துவிட்டோம். ‘ஆறு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதற்கு வழி என்றும் பொருள், நீரோடும் ஆறு என்றும் பொருள். வகுப்பில் மாணவர்கள், நீர் செல்லும் வழியாதலால் ஆறு என்று பெயர் வந்தது என விளக்கம் எழுதுவர். அழகிய விளக்கம், ஆனால் வரலாறு அதற்கு இடம்தரவில்லை. பழந்தமிழில் நீரோடுவது யாறு, நடந்துசெல்வது ஆறு. இரண்டும் இருவேறு சொற்கள். யானை ஆனையாகவும், யாடு ஆடாகவும், யாமை ஆமையாகவும், யாண்டு ஆண்டாகவும் மாறியதுபோல், மொழிமுதல் யகரம் கெட்டு யாறும் ஆறாயிற்று. தெலுங்கு இதற்குச் சான்று கூறும்: அங்கே யானைக்கு ஏனுகு, யாண்டுக்கு ஏடு, அவ்வாறே யாற்றுக்கு ஏறு. ஆக, இரு சொற்கள் ஒலிமாற்றத்தால் ஓருருவாயின என்பதே மொழியியல் கூறும் செய்தி.

ஆயினும் மழைக்காலத்து மலையில் நிற்பவர்க்கு அவ்விரண்டும் மீண்டும் வேறாகத் தெரியவேண்டும். சரிவில் மிதிபட்டு மிதிபட்டுக் குழிந்த வழிதான் மழைநீர்க்கும் எளிய வழி. அரைமணி நேர மழையில் நடைவழி ஓடையாகிவிடும். ஓடையின் வறண்ட படுகை வழிபோல் தோன்றி ஏமாற்றும். வழிதவறியவர் நீரோட்டத்தைப் பின்பற்றிக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பது பலர் வாயில் வழங்கும் அறிவுரை. சமவெளியில் அது பயன்படலாம். செங்குத்தான மலையில் நீரோட்டம் அருவியாய் வீழும் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். யாறு வேறு, ஆறு வேறு என்று இலக்கண வகுப்பில் படித்ததை அங்கே நினைவுகூர்வது நன்று.

‘சாரல்’ மற்றொரு சொல். சங்க நூல்களில் சாரல் என்பது மலைச்சரிவு. இன்று குற்றாலத்துச் சாரல் என்றால் காற்றில் மிதந்துவரும் நுண்மழை. இடப்பெயர் மழைப்பெயர் ஆயிற்று; சரிவைச் சார்ந்து இறங்கும் தூவல் என்பதால் இந்த மாற்றம் நேர்ந்திருத்தல் வேண்டும். ‘மழை’ என்ற சொல்லும் இத்தகையதே. பழந்தமிழில் பல இடங்களில் அது மேகத்தைக் குறிக்கும். பிரிஞ்சாங் உச்சியில் நிற்பவர்க்கு இந்தப் பொருள் வேறுபாடு மறைந்துபோகும். அங்கே மேகத்துக்குள் நடப்பதும் மழையில் நனைவதும் ஒன்றே. வானத்திலிருந்து ஒரு துளியும் விழாத நேரத்திலும் பாசி நீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

‘செலவு’ என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று அது பணம் கரையும் வகை, அன்று பயணம். பிரிந்துசெல்லக் கருதிய தலைவன் புறப்பாட்டை நிறுத்துவதைச் செலவழுங்கல் என்றனர். தொல்காப்பியர் அதனைப் போகாமலே விட்டுவிடுதல் என்று கொள்ளவில்லை. தலைவியை ஆற்றுவித்தற்பொருட்டுத் தாழ்ப்பது என்று விளக்கினார். காதலுக்குச் சொன்ன விதியை மலைநடைக்குப் பொருத்துவது உரையாசிரியர்க்கு உவப்பாய் இராது. நமக்கு உவப்பே. வானம் கறுத்தால் பாதிவழியில் திரும்பிவிட்டு மறுநாள் ஏறுபவர் மலையைக் கைவிட்டவர் அல்லர். வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அவர் மறவாதிருக்கிறார்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஓய்வுபெற்றபின் ஒரு நவம்பரில் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக, காட்டுவிளிம்பு வரை செல்லும் ஒற்றையடிப்பாதையில், தனியே நடந்துகொண்டிருந்தோம். கையில் குடையும் ஒரு குறிப்பேடும். நாம் நின்ற இடத்தில் மழை இல்லை, வெளிச்சம்கூட இருந்தது. எதிரே எழுபதைக் கடந்த ஓர் அம்மையார், தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், விறகுக்கோ கீரைக்கோ போய்வந்திருக்க வேண்டும். நம்மைக் கண்டதும் நின்றார்.

“எங்கய்யா தனியா? மேலயா?”

“ஆமாம்மா. அந்த மேடு வரைக்கும்.”

“சறுக்குமேட்டுக்கா? இன்னிக்கு வேணாங்கய்யா. இங்க பேயல, மேல பேஞ்சிக்கிட்டு இருக்கு. தண்ணி சத்தம் மாறிப்போச்சு, கேட்டுப் பாருங்க. கல்லு உருளுற சத்தம் வந்துச்சுன்னா நம்ம ஓட பொல்லாதது.”

கேட்டோம். அவர் சொல்லும் வரை நம் காதில் விழாத ஒன்று, சொன்னபின் விழுந்தது. நீரின் சலசலப்புக்கு அடியில், கனத்த பொருள் ஏதோ புரள்வது போன்ற மந்தமான ஓசை. அவரோடு சேர்ந்து இறங்கிவிட்டோம். சிறிது நேரத்தில், நாம் கடக்கவேண்டியிருந்த ஓடை செந்நிறமாகப் பெருகி வந்ததைக் கீழிருந்தே கண்டோம். மலையில் ஒலிக்கும் ஓசைகளையெல்லாம் அடுக்கிச் சொல்வதனாலேயே மலைபடுகடாம் அப்பெயர் பெற்றது. பல ஆண்டுகள் அந்நூலைக் கற்பித்திருக்கிறோம். ஓசையடுக்கை அணிநயமாக விளக்கியிருக்கிறோம். பள்ளியில் இரண்டாண்டு மட்டுமே படித்த அந்த அம்மையார் அதனை வழிநடையாகக் கற்றிருந்தார்.

அவர் பேச்சில் இரண்டு சொற்கள் நம்மைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, ‘நம்ம ஓடை’. தமிழில் ‘நம்’ என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். ‘எங்கள்’ என்பது விலக்கும். மலாயிலும் ‘கீத்தா’, ‘காமி’ என்று இதே பாகுபாடு உண்டு, ஆங்கிலத்துக்கு இல்லை. முன்பின் அறியாத நம்மிடம் ‘எங்கள் ஓடை’ என்று சொல்ல அவர்க்கு எல்லா உரிமையும் இருந்தது. ‘நம்ம’ என்றார். தனியே வந்தவர் அச்சொல்லுக்குப்பின் தனியர் அல்லர்.

மற்றொன்று, ‘சறுக்குமேடு’. அது எந்த நிலப்படத்திலும் இல்லை. நாம் கையில் வைத்திருந்த படத்தில் அவ்வழிக்கு ஓர் எண் மட்டுமே இருந்தது. கேமரன் மலையின் காட்டுவழிகள் பலவும் எண்ணாலேயே அறியப்படுகின்றன. எண் எளிது, எம்மொழியார்க்கும் பொது, மீட்புப் படையினர்க்கு உதவும். ஆனால் எண் எதையும் எச்சரிக்காது. சறுக்குமேடு என்ற பெயரில் நிலத்தின் இயல்பும், அங்கே சறுக்கியவர்களின் அனுபவமும், இனி வருபவர்க்குரிய அறிவுரையும் ஒருங்கே அடங்கியுள்ளன. புல்முடிச்சு போன்ற பெயர் அது.

மலாய்ப் பெயர்களும் அவ்வாறே பேசுவன, செவிகொடுத்தால் போதும். ‘லாத்தா’ என்றால் பாறைமேல் வழிந்துவிழும் அருவி; தாப்பா சாலையில் உள்ள லாத்தா இஸ்கந்தரைப் பலரும் கண்டிருப்பீர்கள். ‘ஜெராம்’ நீர் சுழித்துப் பாயும் பாறைப்பகுதி. ‘லூபோக்’ ஆழ்மடு. ‘உலு’ ஆற்றின் தலைப்பகுதி, ‘குவாலா’ கூடுமுகம். தானா ராத்தா என்பதே சமநிலம் என்னும் பொருளது. சுற்றிலும் சரிவாயிருக்கும் மலையில் சமமான ஓரிடம் எவ்வளவு அரிதென்பதை அப்பெயரை இட்டவர் அறிந்திருந்தார். இவற்றுக்கும் பழமையான அடுக்கு ஒன்று உண்டு. அம்மலையின் முதற்குடிகளாகிய செமாய், தெமியார் மக்களின் மொழிகள் அஸ்லி கிளையைச் சேர்ந்தவை. அக்கிளை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தில் அடங்கும். இந்தியாவில் பேசப்படும் சந்தாலியும் முண்டாரியும் அதே குடும்பத்தின. அந்த மக்கள் காட்டின் ஓடைகளுக்கு இட்டு வழங்கிய பெயர்கள் தேயிலைக்கும், சாலைக்கும், மலைக்கு இப்போதுள்ள பெயருக்கும் மிக முந்தியவை.

மலைக்கு இப்போதுள்ள பெயரைப் பற்றி ஒரு சொல். 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நிலஅளவையாளர் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து நிலப்பட ஆய்வுக்காகப் புறப்பட்டார். அவருடன் சென்றவர் குலோப் ரியாவ். மலைகளுக்கிடையே மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகக் கேமரன் அறிக்கையில் எழுதினார். ஆனால் அதனை நிலப்படத்தில் சரியாகக் குறிக்கவில்லை. பல ஆண்டுகள் அவ்விடம் எங்கே என்ற ஐயம் நீடித்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்தபிறகே மலைவாழிடம் அமைக்கும் பணி சூடுபிடித்தது. படத்தில் குறிக்கத் தவறியவர் பெயர் மலைக்கு நிலைத்தது. உடன்சென்ற குலோப் ரியாவின் பெயரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கைகள் உயரவில்லை. வியப்பில்லை.

நம் தோட்டத் தமிழர் இட்ட பெயர்களும் அதே நிலையில் இருக்கின்றன. மலேசியத் தமிழில் தோட்டம் தீம்பார் ஆயிற்று. சாலை சடக்கு ஆயிற்று. மைல் கட்டை ஆயிற்று. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம் பெரட்டு ஆயிற்று. இலங்கை மலையகத்திலோ தேயிலை நட்ட நிலத்துண்டையே மலை என்பர். அங்கே ‘இன்று எந்த மலை?’ என்று கேட்டால் எந்தத் துண்டில் வேலை என்று பொருள். வடிகாலுக்குக் கான் என்று பெயர். இத்தகைய பொதுச்சொற்களைப் புதினங்களும் சிறுகதைகளும் ஓரளவு காத்துவைத்துள்ளன. ஓர் ஓடைக்கு, ஒரு சரிவுக்கு, ஒரு பாறைக்கு மட்டுமே உரிய சிறப்புப் பெயர்கள் அவ்வாறு காக்கப்படவில்லை. அவை எழுத்தில் ஏறியதில்லை. லயத்து வாசலிலும் கொழுந்து நிரையிலும் மட்டுமே வாழ்ந்தவை.

அவை வாழ்ந்த இடம் இப்போது மாறிவிட்டது. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றனர். அது நாம் அனைவரும் விரும்பிய மாற்றம்தான். கொழுந்தெடுப்பதில் இயந்திரம் வந்தது. வேலையாட்களுள் பலர் இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கள் மொழியில் புதிய பெயர்களை இடுவார்கள்; அது அவர்களது உரிமை, அதுவும் ஒருநாள் ஆய்வுக்குரியதாகும். ஆனால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்காலம் அந்தச் சரிவுகளில் தமிழ் கண்ட ஏதங்களும் இடங்களும், அந்த அம்மையாரைப் போன்ற சிலரோடு போய்விடும் நிலை. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து மழைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் மாண்டன. மறு ஆண்டு நவம்பரில் ரிங்லெட்டில் சேறு பெருகி வந்தது. எங்கே நீர் ஏறும், எந்தச் சரிவு நழுவும் என்ற அறிவு எம்மலைக்கும் தேவையானது. அதன் ஒரு பகுதி பழைய இடப்பெயர்களில் பொதிந்துகிடக்கிறது.

ஆகவே கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும், பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அங்கே செல்லும்போது பையில் ஒரு குறிப்பேடும் கொண்டுசெல்லுங்கள். மழையில் மை கரையும், எழுதுவதற்குப் பென்சிலே ஏற்றது. முதியவர் ஒருவரைக் கண்டால் ‘இந்த இடத்துக்கு என்ன பெயர்?’ என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பெயர் இட்டவர் யார், எதனால் வந்தது, வேறு லயத்தார் அதனை வேறு பெயரால் சொன்னார்களா, மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும், எந்த மரம் அடையாளம், எந்தப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள் என்றெல்லாம் கேளுங்கள். அவர் சொன்ன ஒலிப்பிலேயே எழுதுங்கள்; செந்தமிழாகத் திருத்த வேண்டா. கைப்பேசியில் அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைக் குறித்து அதனருகே பெயரைச் சேருங்கள். இயலுமாயின் செமாய் மக்களிடமும் அதே இடத்தின் பெயரைக் கேட்டறியுங்கள். ஒரே சரிவைத் தமிழ் சறுக்கலாகவும், மற்றொரு மொழி வேறொன்றாகவும் கண்டிருக்கக்கூடும். அந்த வேறுபாடே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

நாம் சறுக்குமேட்டின் கதையை முழுதும் கேட்டு எழுதவில்லை. லயத்து வாசல் வரை வந்ததும், மழை பிடித்துக்கொண்டது. அம்மையார் தேநீர் கொடுத்தார். மேட்டுக்கு அப்பால் இன்னும் நான்கு இடங்களுக்குப் பெயர் உண்டு என்றும், கடைசிப் பெயர் தமக்கு மறந்துவிட்டது, தம் தமக்கையார்க்குத் தெரியும், அவர் ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார் என்றும் சொன்னார். தமக்கையார்க்கு எண்பத்து மூன்று வயது. அடுத்த மாதம் ஈப்போவுக்குச் செல்கிறோம். மாணவர்களுள் இருவர் உடன்வர விரும்பினால், கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் வந்து பெயர் தரலாம்.